குறுக்கே கிடக்கிற வீடு

திகாவனில் வீடுகளின் எடை போய்விட்ட காலையில் அதை முதலில் கண்டுகொண்டவன் தொமிங். மழைக்கு ஊதிப்போன கதவைச் சாத்த முடியாமல் தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினான். கதவு சாத்திக்கொள்ளவில்லை, வீடுதான் ஒரு முழம் நகர்ந்து பக்கத்துத் தோட்டத்து வாழைக்கன்றின் மேல் போய் நின்றது. ஓலைக் குடிசை இல்லை, சிமெண்டும் கம்பியும் போட்டுக் கட்டிய வீடு. தொமிங் மனைவியைக் கூப்பிட்டான். அவள் வெளியே வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, நகர்ந்ததுதான் நகர்ந்தது, கொஞ்சம் தெற்கே நகர்ந்திருந்தால் அடுப்படிக்குக் காற்று வந்திருக்குமே என்றாள். பக்கத்து வீட்டார் நாலு பேர் வந்து வீட்டைத் தூக்கித் தெற்கே வைத்தார்கள், காபி குடித்தார்கள், அவரவர் வேலைக்குப் போனார்கள். திகாவனில் ஒரு அதிசயத்துக்கு நடக்கிற மரியாதை அவ்வளவுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். பெயர் கஸ்பார், இரண்டு ஊருக்கும் பொதுவான பெயர். சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தேன்; கூட வேலை பார்த்த ஒருவன் தன் ஊர்த் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப்போக, அவன் தங்கை எர்லிந்தாவைக் கட்டிக்கொண்டு, பிலிப்பைன்ஸின் கிழக்குக் கரையில், வருகிற புயலையெல்லாம் முதல் ஆளாக வாங்கிக்கொள்கிற அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். அவர்கள் பாஷை இப்போது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் யார் என்ன பேசினாலும் என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழும். அப்படி விழுந்தபடியே சொல்கிறேன்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓலை வீடுகள் இருந்த காலத்தில், இடம் மாற நினைத்தவன் வீட்டைப் பிரிக்க மாட்டான். அடியில் நீள நீளமாக மூங்கில் செருகிவிட்டு ஊரைக் கூப்பிடுவான். ஊர் வந்து வீட்டை அப்படியே தோளில் ஏற்றி, வயல் வழியாகப் பாடிக்கொண்டு போய், அவன் காட்டுகிற இடத்தில் இறக்கி வைக்கும். பயானிஹான் என்பார்கள். கூலி கிடையாது, வீட்டுக்காரன் அரிசிக் கஞ்சியும் தென்னங்கள்ளும் கொடுப்பான், கூப்பிட்ட குரலுக்குப் போகாதவன் என்று அந்த ஊரில் ஒருத்தன் பிறந்ததில்லை. சிமெண்ட் வந்த பிறகு அந்த வழக்கம் காலண்டர் படத்தோடு நின்றுபோனது. ஆனால் தோள்கள் அதை மறக்கவில்லை. அதனால் சிமெண்டுக்கும் எடை போயிற்று என்று தெரிந்த அன்று, ஏன் என்றும் எப்படி என்றும் யாரும் கேட்கவில்லை. மூங்கில் வெட்டப் போனார்கள்.

நகரத்திலிருந்து ஒரு என்ஜினீயர் வந்தார். சுவரைத் தட்டினார், அளந்தார், தூக்கியும் பார்த்தார். காண்ட்ராக்டர்கள் சிமெண்டில் அடித்த கொள்ளை ஒரு அளவைத் தாண்டினால் கட்டடம் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊருக்கு அது நியாயமாகத்தான் பட்டது, ஏனென்றால் இருந்ததிலேயே லேசாக இருந்தது அரசாங்கம் கட்டிய சுகாதார நிலையம். இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். வட்டாரத்து மேயரும் வந்தார். தன் பெயர் கொட்டை எழுத்தில் எழுதிய பஸ் நிழற்குடையைத் தான் போகிற இடமெல்லாம் தனக்கு முன்னே தூக்கிப்போக ஆள் வைத்துக்கொண்டார். சாவு வீட்டுக்குக்கூட அந்த நிழற்குடை முதலில் வந்து நிற்கும், பின்னால் அவர் வருவார்.

பிறகு ஊர் நகர ஆரம்பித்தது. மாமியாரோடு ஒத்துப்போகாதவள் வீட்டைச் சர்ச்சுக்குப் பக்கம் தூக்கிப்போனாள்; மாமியார் மனம் மாறி மறுவாரமே தன் வீட்டோடு அங்கே போய்ச் சேர்ந்தாள்; மீன்காரன் கடலருகே போனான், காற்று பிடிக்காமல் திரும்பினான்; சந்தைக்குப் பக்கத்தில் இருந்தால் டீச்சர்களுக்குக் காய்கறி வாங்க வசதி என்று பள்ளிக்கூடத்துச் சின்ன கட்டடத்தைச் சந்தைக்குள் வைத்தார்கள்; திருவிழாவில் கூட்டம் அங்கேதானே என்று சுகாதார நிலையத்தைத் திருவிழாத் திடலுக்குக் கொண்டுபோய் அங்கேயே மறந்தார்கள்; எல்லாரும் ரோட்டோரத்தில் இருக்க ஆசைப்பட்டார்கள், ரோட்டோரத்தில் இருந்தவனுக்கு முன்னால் இன்னொருவன் வைத்தான், அவனுக்கு முன்னால் இன்னொருவன், கடைசியில் எல்லா வீடும் ரோட்டோரத்தில் இருந்தது, ரோட்டைத்தான் காணோம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது. இங்கே கட்டியாயிற்று; வைக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

அதற்கும் ஊர் பழகிக்கொண்டது, அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். சந்தைக்குப் போகிறவர்கள் ஒருவர் அடுப்படிக்குள் நுழைந்து இன்னொருவர் படுக்கையறை வழியாக வெளியே வருவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் தட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வழி விட்டு, "வாங்க, சாப்பிடுங்க" என்பான். சவப்பெட்டி ஒன்று ஒரு பிறந்தநாள் விருந்துக்குள் புகுந்து போயிற்று, விருந்தினர் எழுந்து நின்று சிலுவை போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். கோபம் இல்லை, சண்டை இல்லை. அவ்வளவு நல்ல ஜனங்களை நான் ஐந்து கண்டத்திலும் பார்த்ததில்லை. அந்த நல்லதனம்தான் ஊரைக் கெடுத்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

என் மனைவி எர்லிந்தா அந்த ஊருக்குத் தலைவி. கப்பித்தானா என்று கூப்பிடுவார்கள். எந்த வீட்டை எங்கே வைப்பது என்று சொல்லுகிற அதிகாரம் அவளிடம் இருந்தது, சொல்லுகிற வாய்தான் இல்லை. காரணம் எளிது. ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு அவள் ஞானத்தாய். அந்த நாட்டில் ஞானஸ்நானத் தொட்டிக்கருகே நின்றுவிட்டால் குழந்தையோடு மட்டுமில்லை, அதன் பெற்றோரோடும் உறவு முடிச்சு விழுந்துவிடும். ஆண் என்றால் கும்பாரே, பெண் என்றால் குமாரே. கூடப்பிறந்தவனிடம்கூட முடியாது என்று சொல்லிவிடலாம், கும்பாரேயிடம் சொல்ல முடியாது. முகதாட்சண்யம் என்று நாம் சொல்வது அங்கே ஒரு சட்டம் மாதிரி, மற்ற எந்தச் சட்டமும் அதற்குக் கீழேதான். யார் வந்து என்ன கேட்டாலும் எர்லிந்தா, "அதுக்கென்ன, வைங்க, பாத்துக்கிடலாம்" என்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் கப்பலை விட்டேன், ஊரும் அந்தச் சிரிப்புக்குத்தான் ஓட்டுப் போட்டது.

ஊருக்கு வடக்கே ஒரு செத்த ஆறு இருந்தது. மலையிலிருந்து இறங்கி வரும் பள்ளம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் செம்மண் கரை, நடுவே தட்டையான மணல். ரோடு இருந்த பக்கம் மட்டும் கரை தாழ்ந்து, உள்ளே போகவும் வெளியே வரவும் அந்த ஒரே வாசல். அதற்கும் கீழே, பள்ளிக்கூடத்து மேட்டை ஒட்டி, தண்ணீர் கடலுக்குப் போக ஒரு சின்ன பாலம். மலையில் பெரிய மழை பெய்தால் ஆறு பழைய வழியைத் தேடி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எவனும் அங்கே வீடு கட்டவில்லை, பையன்கள் பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ரோடு அடைபட்டதும் தொமிங்தான் முதலில் அங்கே கண் வைத்தான். எங்கள் மகள் மாரிவிக்குக்கு அவன் ஞானத்தகப்பன், அவளைத் தோளில் வைத்துத் திருவிழா காட்டியவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து கேட்டான்.

"குமாரே, நம்ம பள்ளத்துல கொண்டுபோய் வச்சிக்கிடட்டுமா? நல்ல சமதரை, காத்தும் வருது."

"ஆறு வந்துட்டா?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

தொமிங் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். "வந்தா என்ன கும்பாரே? நாலு பேரு சேந்து தூக்கி மேட்டுல வச்சிட்டுப் போறோம். தூக்கத்தான் தோள் இருக்கே!"

வீடு கனமாக இருந்த காலத்தில் எங்கே வைக்கிறோம் என்று நூறு தடவை யோசித்தார்கள். எடுத்து மாற்றலாம் என்று ஆன பிறகு யோசனையே தேவையில்லாமல் போயிற்று. எர்லிந்தா, "அதுக்கென்ன, வைங்க, பாத்துக்கிடலாம்" என்றாள்.

தொமிங் போனான், அவன் தம்பி போனான், தம்பிக்கு வேண்டியவர்கள் போனார்கள். மாரிவிக் எங்களுக்கு ஒரே பிள்ளை. அம்மா, அப்பா என்று கூப்பிட நான் பழக்கியிருந்தேன். அவள் புருஷன் கப்பலில் இருந்தான், இவள் முழுகாமல் இருந்தாள், சத்தம் ஆகவில்லை என்றாள். பள்ளத்தின் கோடியில், மலை ஓரமாக, ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்து நிழலில் தன் வீட்டை வைக்க வேண்டும் என்று அவள் கேட்டபோதும் எர்லிந்தா அதையேதான் சொன்னாள். ஊரே பாண்டு வாத்தியத்தோடு தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வந்த வீடுகள் அவளுக்கு முன்னால், முன்னால் என்று நெருங்கி வாசல்வரை அடைத்துக்கொண்டன.

புயல் அறிவிப்பு வந்த காலையில் வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. மழை மலையில் பெய்துகொண்டிருந்தது, ஊரில் இல்லை. மத்தியானம் ஆவதற்குள், மேலே விறகு பொறுக்கப் போனவர்கள் ஓடி வந்து, ஆறு புறப்பட்டுவிட்டது, இருட்டுவதற்குள் வந்துவிடும் என்றார்கள். கோயில் மணி அடித்தது. குழந்தைகளையும் நடக்கிற கிழவர்களையும் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு அனுப்பினோம். ஆண்களும் பெண்களுமாக மூங்கிலைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினோம். யாரும் பயப்படவில்லை. இதற்காகவே பிறந்த ஜனங்கள் அல்லவா?

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, தூக்கத் தோள் இருந்தது, எந்த வீட்டை முதலில் என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொருவனும் தன் வீட்டு வாசலில் நின்று ஊரைக் கூப்பிட்டான். கூப்பிட்டால் போகாதவன் அந்த ஊரில் இல்லையே. எல்லாரும் எல்லார் குரலுக்கும் ஓடினார்கள். வாசலோரம் குடியிருந்த பிலார் என்பவளின் வீட்டைத் தூக்கி நாலு எட்டு வைப்பதற்குள் தொமிங்கின் தம்பி கூப்பிட்டான், பிலார் வீட்டை வைத்துவிட்டு அங்கே ஓடினார்கள். அதைத் தூக்கித் திருப்புவதற்குள் இன்னொரு குரல், அதையும் வைத்துவிட்டு ஓடினார்கள். மழை ஊருக்குள்ளும் இறங்கிற்று. கொஞ்ச நேரத்தில் வாசலில் மூன்று வீடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றன, உள்ளே இருந்த எதுவும் வெளியே வர வழியில்லை. எவனும் சோம்பி நிற்கவில்லை. ஊர் கூடித்தான் தேர் இழுத்தது, ஆளுக்கு ஒரு பக்கம்.

அந்த நேரத்தில்தான் மருத்துவச்சி தெசா கூரை மேல் கூரையாகத் தாவி வந்தாள். தெசாவுக்கு ஐம்பது வயது, கனத்த உடம்பு.

"கப்பித்தானா, மாரிவிக்குக்கு வலி எடுத்துட்டு. தலை இறங்கிட்டு, ரத்தமும் போவுது. நடக்க வைக்கக் கூடாது. இந்த அடுப்படி, அந்தப் படுக்கையறைன்னு நெளிஞ்சி நெளிஞ்சி கட்டிலக் கொண்டாரவும் முடியாது. வீட்டோடதான் தூக்கணும்."

கரையில் ஏற்றலாமா என்றால் செம்மண் மழையில் சோப்பாக வழுக்கியது. ஏறப்போன இருவர் சறுக்கி விழுந்தார்கள். என் மகள் பள்ளத்தின் கோடியில் கிடந்தாள். ஆறு அந்தக் கோடியிலிருந்துதான் வரப்போகிறது.

கேள்விப்பட்டதும் அத்தனை பேரும் தங்கள் வீட்டை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி வந்துவிட்டார்கள். தொமிங்கின் முகத்தில் மழையா கண்ணீரா தெரியவில்லை.

"குமாரே, எங்க வீடெல்லாம் கெடக்கட்டும். நம்ம பிள்ளைய மொதல்ல எடுத்துருவோம். வாங்கடே எல்லாரும்!"

எல்லாரும் மூங்கிலோடு கோடியை நோக்கித் திரும்பினார்கள். எர்லிந்தா வாசலில் குறுக்கே கிடந்த பிலார் வீட்டின் படியில் ஏறினாள்.

"வேண்டாம்" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மழைச் சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டதோ என்று சிலர் கையைக் காதில் வைத்தார்கள். அவள் திரும்பவும் சொன்னாள்.

"வேண்டாம். யாரும் அங்க போகக் கூடாது. அவள எடுத்துத் தலைக்கு மேலயா வச்சிக்கிடுவிய? எந்த வழியா வெளிய கொண்டாருவிய? இந்தா, வாசல்ல குறுக்கே கெடக்கே, இந்த வீடு மொதல்ல. அதுக்குப் பின்னால உள்ளது ரெண்டாவது. வாசல்லருந்து கோடி வரைக்கும் அப்படியே வரிசை. எவனும் தன் வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது. ஒருத்தன் கூப்பிட்டான்னா அவன் வீடு அங்கயே கெடக்கும்."

"ஏ எர்லிந்தா, உனக்குப் பைத்தியமா?" நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "உள்ள கெடக்கது நம்ம பிள்ளை!"

"தெரியும் கஸ்பார். கைய விடு. நீயும் போய்த் தோளக் குடு."

அந்த நிமிஷம் அவளை நான் வெறுத்தேன். வேறு வார்த்தை இல்லை அதற்கு. ஆனால் தோளைக் கொடுத்தேன்.

பிலார் வீடு போயிற்று. மேட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓடி வரலாம் என்று பார்த்தால் அங்கேயும் அவள் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தாள், இரண்டு வரிசையாக வை, நடுவில் ஒரு லாரி போகிற இடம் விடு என்று. "இந்த மழையில லாரிக்கு எடம் விடணுமாம்" என்று ஒருவன் பல்லைக் கடித்தான். விட்டான். இரண்டாவது வீடு போயிற்று, மூன்றாவது போயிற்று, யார் வீடு என்று பார்க்காமல் எந்த வீடு குறுக்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்து, அவள் கை நீட்டிய வீட்டைத் தூக்கி, அவள் சொன்ன வழியில் போய், காலி மூங்கிலோடு மறு ஓரமாகத் திரும்பி வந்து, மறுபடி அவள் கையைப் பார்த்து, ஏன் என்று கேட்காமல், பாட்டு இல்லாமல், கள் இல்லாமல், நாங்கள் தூக்கிக்கொண்டே இருந்தோம். பகையாளி வீட்டைப் பகையாளி தூக்கினான். பணக்காரன் வீடு அதன் முறை வரும்வரை மழையில் நின்றது. எர்லிந்தா ஒருதரம்கூடக் கோடியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வீடு விலகும்போதும் மாரிவிக்கின் அலறல் எங்களுக்கு ஒரு வீட்டளவு கிட்டத்தில் கேட்டது.

தண்ணீர் முதலில் பாதத்தை நனைத்தது, பிறகு முழங்காலுக்கு வந்தது. இரண்டு வீடுகள்தான் பாக்கி, முன்னால் தொமிங்கின் வீடு, அதற்குப் பின்னால் மாரிவிக்கின் வீடு. தொமிங் தன் வீட்டைக் கையால் தள்ளப் போனான்.

"குமாரே, இத ஆத்துல தள்ளிவிட்டுருவோம். எனக்கு வேண்டாம். பிள்ளைய எடுங்க."

எர்லிந்தா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தள்ளாதிய கும்பாரே. அது மெதந்துபோய்ப் பாலத்துல அடைச்சிக்கிடும். பொறவு தண்ணி மேட்டுல ஏறும். மேட்டுல ஊருப் பிள்ளைங்க இருக்கு. தூக்குங்க."

தூக்கினோம். கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வருகையில் தண்ணீர் இடுப்பளவு. நான் கும்பிடாத சாமி இல்லை அந்த நேரத்தில். பனிமய மாதாவையும் கூப்பிட்டேன், எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சுடலைமாடனையும் கூப்பிட்டேன். மாரிவிக்கின் வீட்டை ஊரே சேர்ந்து தூக்கியது; தோள் வைக்க இடம் கிடைக்காதவர்கள் தூக்குகிறவர்களின் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது முன்னால் ஒன்றும் இல்லை. பள்ளம் முழுக்கத் திறந்து கிடந்தது. அந்த வழியில், தண்ணீருக்கு முன்னால், என் மகளின் வீடு எங்கள் தோளில் போயிற்று. வாசலைத் தாண்டும்போது எங்கள் தலைக்கு மேல் குழந்தை அழுதது. யாரும் நிற்கவில்லை. வரிசையின் கடைசியில் இறக்கி வைத்த பிறகுதான் உட்கார்ந்து அழுதோம்.

ஆறு வந்தது. செத்த ஆறு என்று நாங்கள் பெயர் வைத்த ஆறு, மரமும் பாறையுமாக, எதிலும் முட்டாமல், எவரையும் கேட்காமல், தன் வழியிலேயே இறங்கிப் பாலத்துக்கடியில் புகுந்து கடலுக்குப் போயிற்று. மாரிவிக்குக்கு ரத்தம் நிற்கவில்லை. மேட்டுக்குப் பின்புறத்து வண்டித்தடத்தில் வந்த ஒரு லாரி இரண்டு வரிசைக்கும் நடுவே நுழைந்து அவளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. பிழைத்தார்கள். ஆண் குழந்தை.

ஊர் எர்லிந்தாவை மெச்சியது. மெச்சிக்கொண்டே கொஞ்சம் தள்ளி நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். பெத்த பிள்ளைக்கே இரங்காதவள் நமக்கா இரங்குவாள் என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். மாரிவிக் பேச்சை நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாரிவிக் என்னிடம் மட்டும் சொன்னாள். "எனக்கு முன்னால எல்லாரு வீட்டையும் எடுத்தாவ அப்பா. கெடந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். அம்மா சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுது. ஒருக்கா, ஒரே ஒருக்கா, என் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்லா?" இதை நான் எர்லிந்தாவிடம் சொல்லவில்லை. பேரனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவேன், அவள் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். நாங்களும் எங்கள் வீட்டை மேட்டுக்கு மாற்றியிருந்தோம்; மகள் வீடு எதிர் வரிசையில்தான், கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை இருவரும் கடக்கவில்லை.

அடுத்த தேர்தலில் தொமிங் நின்றான், ஜெயித்தான். அவன் ரொம்ப நல்லவன். யாருக்கும் முகம் கோணாதவன். எர்லிந்தா முதல் ஆளாகப் போய்க் கை கொடுத்துவிட்டு வந்து துணி துவைத்தாள்.

வீடுகளுக்கு எடை திரும்பவில்லை. இன்றைக்கும் இல்லை. கோடை வந்து பள்ளம் காய்ந்து வெள்ளை மணலாகக் கிடந்தபோது, தொமிங்கின் தங்கை மகன் ஒருவன் பாட்டுக் கடை வைக்க ஆசைப்பட்டான், குடித்துக்கொண்டே மைக்கில் பாடுகிற கடை. சின்ன கட்டடம், பள்ளத்தின் வாசலிலேயே வைத்தால் வியாபாரம் நடக்கும் என்றான். புதுக் கப்பித்தான், "அதுக்கென்ன, வைங்க, பாத்துக்கிடலாம்" என்றான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மணி அடித்து ஊரைக் கூப்பிட்டார்கள். கஞ்சி கொதித்தது, கள் வந்து இறங்கியது, மூங்கில் செருகியாயிற்று. எர்லிந்தா போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். நான் போனேன்.

ஊர் வந்திருந்தது. மூங்கிலைச் சுற்றி நின்றது. தொமிங் கையைத் தட்டி, "ம், வாங்க, தோளக் குடுங்க" என்றான். யாரும் அசையவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கூப்பிட்ட குரலுக்குப் போகாமல் நிற்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. காது சிவந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், வெட்கத்தில் செத்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டால் தூக்கிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். தொமிங் மறுபடி வாயைத் திறப்பதற்குள், இடுப்பில் பிள்ளையோடு மாரிவிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மூங்கில் மேல் காலை வைத்தாள்.

"முடியாது நினோங்" என்றாள். ஞானத்தகப்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இங்க வைக்கக் கூடாது."

தொமிங்குக்கு முகம் விழுந்துவிட்டது. "உங்கம்மா சொல்லி அனுப்புனாளா?"

"அம்மாகூட நான் பேசுதது இல்ல. ஊருக்கே தெரியும்." அவள் காலை எடுக்கவில்லை. "நான் அங்க கெடந்தேன் நினோங். ஒவ்வொரு வீடாப் போறதக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். இன்னொருத்தி கெடக்க வேண்டாம். மேட்டுல மூணாவது வரிசை போட எடம் இருக்கு, அங்க வைங்க. நானே வந்து தூக்குதேன்."

தொமிங் குனிந்து மூங்கிலை உருவினான்.

நான் வீட்டுக்கு ஓடினேன், இந்த வயதில். எர்லிந்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"வச்சாச்சா?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"இல்ல. தடுத்தாச்சு."

"யாரு?"

"மாரிவிக்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முடியை அள்ளி முடிந்தாள், முடிச்சு நிற்கவில்லை. "என்ன சொன்னா?"

"முடியாதுன்னா."

"யாருகிட்ட? தொமிங்கிட்டயா? அவன் முகத்துக்கு நேராவா?"

"நேருக்கு நேரா. ஊரு பாக்க."

எர்லிந்தா முந்தானை இல்லாத அந்த ஊர் உடுப்பின் கழுத்தைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் சட்டையைப் பிடித்து, பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அவ சொன்ன மாதிரியே இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.